ருவாண்டாவின் கச்சாச்சா: உயிர் தப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது?

மலர்விழி:
எங்கள் வாசகர் வட்டத்தில் ருவாண்டா பற்றிப் பேச்சு வந்தது. 1994-இல் டுட்சி இன மக்களைக் கொன்றவர்களை, கச்சாச்சா என்ற ஊர் நீதிமன்றங்களில் ஊர்க்காரர்களே விசாரித்தார்கள் என்றதும் ஒருவர், "நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி சமாதானம் பேசி அனுப்பியிருப்பாங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்டனையே கிடையாதா?

செல்வி, சட்ட விரிவுரையாளர்:
உண்டு. ஆயுள் தண்டனை வரை கொடுத்திருக்கிறார்கள்.

படுகொலை முடிந்தபோது நீதிபதிகளில் பெரும்பாலோர் செத்துப்போயிருந்தார்கள், இல்லையென்றால் ஓடிப்போயிருந்தார்கள். 1990-களின் கடைசியில் சிறைகளில் 1,20,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். வழக்கமான நீதிமன்றத்தை நம்பினால் நூறு வருடமானாலும் முடியாது என்ற நிலை. அதனால் நிலத் தகராறு, மாட்டுத் தகராறுக்கெல்லாம் ஊர் கூடிப் பேசும் பழைய வழக்கத்தைச் சட்டமாக்கி, 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2005-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 2012 ஜூனில் முடித்துவைத்தார்கள். சுமார் 12,000 நீதிமன்றங்கள், 19 லட்சத்துக்கு மேல் வழக்குகள். நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள். சம்பளம் இல்லை, சட்டப் படிப்பும் இல்லை. வழக்கறிஞருக்கும் இடமில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். அதிலும் ஒரு பகுதியைச் சாலை போடுவது, மலைச்சரிவில் வரப்பு கட்டுவது போன்ற பொதுவேலையாகக் கழிக்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. யாரைக் கொன்றேன், கூட யார் வந்தார்கள், உடலை எங்கே போட்டோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். "அந்த வீட்டுக் கழிப்பறைக் குழியில்" என்று ஒருவன் சொல்ல, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அங்கே தோண்டி, எலும்பை எடுத்து, முறையாக அடக்கம் செய்த குடும்பங்கள் உண்டு. உயிர் தப்பியவர்களில் பலர் இந்த விசாரணையைச் சகித்துக்கொண்டதே இதற்காகத்தான் என்பேன்.

இளங்கோ:
அக்கா, மறுபக்கத்தையும் சொல்லுங்கள். பொய்ச் சாட்சி சொல்லி நிலத்தகராறைத் தீர்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். படுகொலை நடத்திய அரசை எதிர்த்துப் போரிட்டு இன்று ஆளும் ருவாண்டா தேசபக்த முன்னணியின் வீரர்கள் அப்போது செய்த கொலைகளை கச்சாச்சா தொடவே இல்லை. அதில் சொந்தங்களை இழந்த, ஹூட்டு என்ற பெரும்பான்மை இனத்துக் குடும்பங்கள் எங்கே போய்ச் சொல்வது?

செல்வி:
உண்மைதான் தம்பி. இனப்படுகொலைக்கு அதை ஈடாக வைக்க முடியாது. ஆனாலும் அந்த உயிர்களும் உயிர்கள்தானே. அந்தக் கதவை மூடியது பெரிய குறை. சாட்சி சொன்னதற்காகவே கொல்லப்பட்டவர்களும் உண்டு.

மலர்விழி:
பெண்களுக்கு நடந்த கொடுமைகள்? அதையும் ஊர் முன்னாலா சொல்ல வேண்டும்?

செல்வி:
முதலில் அந்த வழக்குகள் வழக்கமான நீதிமன்றத்துக்குத்தான் உரியவை. 2008-இல் சட்டத்தைத் திருத்தி கச்சாச்சாவுக்கு மாற்றினார்கள். கதவடைத்து விசாரிப்போம் என்றார்கள். சரி, ஆனால் அந்த நீதிபதி யார்? பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் யார் எந்த அறைக்குள் போனாள் என்று தெரியாமலா இருக்கும்? இந்த மாற்றத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. மொத்த வழக்குகளில் சுமார் 13 லட்சம், சொத்து பற்றியவை: ஓட்டிப்போன மாடு, பிரித்தெடுத்த கூரை. திருப்பிக் கொடு என்று தீர்ப்பாகும். கொடுக்க அவனிடம் ஒன்றும் இருக்காது. நிறையப் பேருக்கு அந்தப் பணம் வந்து சேரவே இல்லை. 1998-இல் அரசு தொடங்கிய நிதி படிப்பு, மருத்துவம், வீடு என்று உதவியது. அது உதவிதான், நட்ட ஈடு கிடையாது. அந்த நண்பர் சமாதானம் என்று மறுபடி சொன்னால், இந்தக் கூரைக் கணக்கு தீர்ந்ததா என்று கேளுங்கள்.