மண்கல் சுவர் கட்டத் தெரிந்த கொத்தனார் யாராவது உண்டா?

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் கட்டப் போகிறோம். 2011 தானே புயலில் பழைய கொட்டகை பறந்துபோனதிலிருந்து மரத்தடிதான். சூளைச் செங்கல் வேண்டாம், எங்கள் செம்மண்ணிலேயே மண்கல் செய்யலாம் என்று முடிவு. ஆரோவில்லில் அப்படிக் கட்டிய சுவர்களைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை இது. சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், விறகே வேண்டாம்.

பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தேன். அடியில் மூன்று விரல் மணல், மேலே ஒரு விரல் களி. இது சரியா, இன்னும் மணல் சேர்க்கணுமா? அப்புறம், கடலூர், புதுச்சேரியில் கையால் அழுத்தும் அச்சு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்குமா? பழகிய கொத்தனார் தெரிந்தாலும் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கல் எல்லாம் தயாராகிவிட வேண்டும்.