'அமெலி' படத்தின் துணைப் பாத்திரங்கள்: உங்கள் நினைவில் நிற்பவர்கள் யார்?

நண்பர்களுக்கு வணக்கம். ழான்-பியர் ஜூனே இயக்கி 2001-இல் வெளிவந்த 'அமெலி' என்ற பிரெஞ்சுப் படத்தின் துணைப் பாத்திரங்களைப் பற்றி எங்கள் திரைப்படச் சங்க இதழுக்குக் கட்டுரை ஒன்று எழுதிவருகிறேன். அதற்கு உங்கள் உதவி தேவை. எலும்புகள் எளிதில் நொறுங்கும் நோயால் வீட்டைவிட்டு வெளியேறாமல், ரெனுவாரின் ஒரே ஓவியத்தை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரையும் துஃபாயேல் கிழவரைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். என் மனம் கவர்ந்தவர் சில நொடிகளே தோன்றும் பார்வையற்ற முதியவர். அமெலி அவருடைய கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கச் செய்து, கடைகளில் இருப்பவற்றையும், வறுத்த கோழிகளைப் பார்க்கும் நாயையும், அந்த நாயைப் பார்க்கும் குழந்தையையும் மூச்சுவிடாமல் விவரித்துக்கொண்டே போய், மெட்ரோ வாசலில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். படம் முழுவதிலும் இதைவிட நிறைவான காட்சி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பதிப்பாளர்கள் ஏற்காத எழுத்தாளர் ஹிப்போலிட்டோ, தம் வரி ஒன்று சுவரில் எழுதப்பட்டிருப்பதைக் காணும் தருணமும் அதற்கு அருகில் வரும்.

காய்கறிக் கடை லூசியன், முன்பு சர்க்கஸில் குதிரையேறிய சுசான், புகையிலை விற்கும் ஜார்ஜெத் ஆகியோரில் யாருடைய எந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று சில வரிகளில் எழுதுங்கள். நான் குறிப்பிடாத பாத்திரங்களாக இருந்தால் இன்னும் நல்லது. காட்சி படத்தில் ஏறத்தாழ எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், மறுபடி பார்த்துச் சரிபார்க்க எனக்கு உதவியாக இருக்கும்.