மாடியில் கட்டிய பச்சை வலைக்கும் சொத்து வரியா?

மாடித்தோட்டம் எழுதியது:

வணக்கம். சென்னைக்கு வெளியே ஒரு மாநகராட்சியில் இருக்கிறோம், ஊர் பெயர் வேண்டாமே. 2009இல் கட்டிய சொந்த வீடு. தரைத்தளம் மட்டும்தான் இருந்தது. மகனுக்குப் படிக்க இடம் வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்பு மாடியில் ஓர் அறை எடுத்தோம். அதை ஒட்டித் தொட்டிகளில் கத்தரி, தக்காளி, கீரை வைத்திருக்கிறேன். வெயில் தாங்காது என்று இரும்புக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டியிருக்கிறது.

போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ட்ரோன் படத்தில் கூடுதல் கட்டடம் தெரிகிறது, அளக்க வேண்டும் என்றார்களாம். வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார். கீழே வெளிச்சுவரைச் சுற்றி டேப் பிடித்தார்கள், மாடிக்கு ஏறவே இல்லை. கையெழுத்து கேட்டபோது, கண்ணாடி இல்லாமல் எதிலும் போட மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. மொத்தப் பரப்பு 1,296 சதுர அடியாம். கீழே நான் அளந்தால் 914 வருகிறது, மேலே அறை 131. இரண்டையும் கூட்டினாலும் 1,045தான். எதிர்வீட்டு அண்ணன், "இது வருஷா வருஷம் ஏற்றுகிற 6 சதவீதம், எல்லோருக்கும் வரும், பேசாமல் கட்டிவிடுங்கள்" என்கிறார். அப்படியா? இப்படி வந்து அளக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? எங்கே போய்ச் சொல்வது?

தெருமுனை எழுதியது:

மேடம், இதற்கு மனு, ஃபைல் என்று அலைய வேண்டாம். அளக்க வந்தவரைத் தனியாகப் பார்த்து "கவனித்தால்" 1,296 தானாக 1,000 ஆகிவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் முடித்தார்கள்.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

நகராட்சி வருவாய்ப் பிரிவில் பில் கலெக்டராகச் சேர்ந்து, அதே பிரிவிலேயே ஓய்வு பெற்றவன் நான். தெருமுனை சொன்ன வழியில் போனவர்களின் கோப்பையும் பார்த்திருக்கிறேன். காசு வாங்கியவர் மாறுதலில் போய்விடுவார், ட்ரோன் படம் போகாது. அடுத்து வருபவர் அந்தப் படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுபடி நோட்டீஸ்தான். விடுபட்ட பழைய அரையாண்டுகளையும் சேர்த்துக் கேட்பார்கள். கொடுத்த காசுக்கு ரசீது கிடையாது. அது வேண்டாம்.

அம்மா, முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். வரி ஏறியது என்றால் மூன்று காரணத்தில் ஒன்றாக இருக்கும். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தவறான மேசையில் போய்ச் சண்டை போடுகிறார்கள்.

ஒன்று, பொதுச் சீராய்வு. ஊர் முழுக்க ஒரே அடியாக ஏற்றுவது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் 2018 வரை இது நடக்கவே இல்லை. 2018இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள், கூடுதலாகக் கட்டியவர்களுக்கு வரவு வைத்தார்கள். அப்புறம் 2022 ஏப்ரலில் வந்ததுதான் பெரியது. வரியை ஏற்றினால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்தது. உங்களைப் போன்ற ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்ந்தது. இந்தப் படிநிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டு, உங்கள் எதிர்வீட்டு அண்ணன் சொன்ன 6 சதவீதம். 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டில் பல இடங்களில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லோருக்கும் ஏறிவிடும். அதில் தனி ஆளாக வாதாட ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் உங்களுடையது. கூடுதல் கட்டடத்துக்காக உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் செய்த மறு மதிப்பீடு. அளவு, பயன்பாடு, கூரை வகை, கட்டிய வருடம் ஆகியவற்றில் எது தப்பாக இருந்தாலும் சொல்லித் திருத்தலாம். மனு போட்டுப் பலன் கிடைக்கிற இடமும் இதுதான்.

அளக்க உரிமை உண்டா என்றால், உண்டு. பகலில் வரவேண்டும், அடையாள அட்டை கேட்டால் காட்டவேண்டும். உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் வெற்றி என்று நினைக்காதீர்கள். வெளியே நின்று பார்த்ததையும் படத்தில் தெரிவதையும் வைத்து எழுதிக்கொண்டு போவார்கள். சந்தேகம் வந்தால் எழுதுகிறவன் பேனா எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். கூடவே மாடிக்கு ஏறி, அவர் குறிக்கிற எண்ணை நாமும் ஒரு தாளில் குறித்துக்கொள்வதுதான் நல்லது. உங்கள் மாமியார் படிக்காமல் கையெழுத்துப் போடாதது சரியான காரியம்.

இப்போது அளவுக்கு வருவோம். நீங்கள் வீட்டுக்குள் அளந்திருக்கிறீர்கள். வரிக்கு எடுப்பது சுவரையும் சேர்த்த வெளி அளவு. அதனால் 914 செல்லாது. வெளியே அளந்து எழுதுங்கள், மேலே அறையையும் வலைப் பந்தலையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மாடித்தோட்டம் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. மகனும் நானும் டேப் பிடித்தோம். கீழே வெளி அளவு 28க்கு 36. மேலே அறை 12க்கு 14. வலை அறையோடு ஒட்டி அதே 12 அடி அகலத்தில், 10 அடி நீளம். நோட்டீஸோடு வந்த தாளில் முதல் தளம் "12 x 24" என்று இருக்கிறது, கூரை "ஆர்.சி.சி.", அதாவது கான்கிரீட் என்று போட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்றவன் எழுதியது:

அந்தத் தாளிலேயே விஷயம் இருக்கிறது அம்மா. கீழே 28 x 36 என்றால் 1,008. நீங்கள் உள்ளே எடுத்த 914க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது அங்குலச் சுவர், நாலு பக்கமும். அதில் அவர்கள் கணக்கு சரி, விட்டுவிடுங்கள். மேலே அறை 12 x 14, ஆக 168. இரண்டும் சேர்ந்து 1,176. அவர்கள் 24 அடி நீளம் போட்டிருப்பது அறை 14, வலை 10. மேலிருந்து எடுத்த படத்தில் பச்சை வலையும் பெயின்ட் அடித்த தளமும் ஒரே செவ்வகமாகத்தான் தெரியும். மாடிக்கு ஏறிப் பார்க்காமல் படத்தை வைத்தே 288 என்று எழுதிவிட்டார்கள்.

120 சதுர அடிதானே என்று விடாதீர்கள். 1,176 என்றால் 1,200க்குள் நிற்கிறீர்கள். 1,296 என்றால் அடுத்த படிக்குப் போய்விடுகிறீர்கள். மொத்தப் பரப்பு எந்தப் படியில் விழுகிறதோ அதற்கு ஏற்ற விகிதம் வீடு முழுவதற்கும் வரும், வலைக்கு மட்டும் இல்லை.

ஆணையர் பெயருக்கு ஒரு சீராய்வு மனு எழுதுங்கள். எத்தனை நாளைக்குள் கொடுக்கவேண்டும் என்று நோட்டீஸிலேயே இருக்கும், அந்தத் தேதியைத் தாண்டவிடாதீர்கள். நீளமாகப் புலம்ப வேண்டாம். "தரைத்தளம் 1,008 ஒப்புக்கொள்கிறேன், முதல் தளம் 168 ஒப்புக்கொள்கிறேன், மீதி 120 சதுர அடி நிழல் வலை, கட்டடம் அல்ல, நேரில் மறு அளவீடு செய்யவும்" என்ற அளவில் போதும். சரியானதை ஒப்புக்கொண்டு எழுதுகிற மனுவை மேசையில் இருப்பவர் நம்புவார். "என் வீட்டை அளந்ததே தவறு" என்று தொடங்குகிற மனு கட்டுக்கு அடியில் போய்விடும். நோட்டீஸ் நகல், பழைய ரசீது, வலையின் போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். போட்டோவில் வலைக்கு மேலே வானம் தெரியவேண்டும், குழாயின் அடிப்பாகமும் தெரியவேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் நகரவேண்டும்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான கள அளவீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பல நேரம் அந்தக் கடிதம் போனதுமே கோப்பு நகர ஆரம்பிக்கும். ஆணையர் முடிவும் சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது.

மனு கொடுத்திருக்கிறேன் என்று வரியை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். கூடக் கட்டியது மனு முடிந்ததும் அடுத்த அரையாண்டில் வரவாகும்.

இன்னொன்று. மாடி அறைக்குக் கட்டட அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றாலும் வரி போடுவார்கள். வரி ரசீது இருப்பதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது நகரமைப்புப் பிரிவு, வேறு மேசை.

மாடித்தோட்டம் எழுதியது:

அனுமதி வாங்கித்தான் கட்டினோம் ஐயா, நகலையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். வம்பே வேண்டாம் என்று வலையைக் கழற்றிவிட்டால் என்ன?

ஓய்வுபெற்றவன் எழுதியது:

கழற்றாதீர்கள். மறு அளவீட்டுக்கு வருகிறவர் வலையை வலையாகப் பார்க்கவேண்டும். வெறும் தளத்தைப் பார்த்தால், "இருந்த கூரையை இடித்துவிட்டார்கள்" என்று எழுதுவார். அப்போது பழைய காலத்துக்கான வரி நிற்கும். பின்னாளில் வலைக்குப் பதில் ஷீட் போட்டால் அது கூரைதான். அந்த 120 அடியும் சேரும், படியும் தாண்டும். அதைப் போடும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர்வாசி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சென்னை வரிக் கணக்கில் மாத வாடகை மதிப்பை (வீட்டை வாடகைக்கு விட்டால் வரும் என்று அவர்கள் மதிப்பிடும் தொகையை) 12ஆல் பெருக்காமல் 10.92ஆல் பெருக்குகிறார்களே, அது எங்கிருந்து வந்த எண்?

ஓய்வுபெற்றவன் எழுதியது:

பல பேர் கேட்டிருக்கிறார்கள். 12 மாதத்தில் நிலத்துக்கென்று 10 சதவீதம் தனியாக எடுத்து வைத்தால் 1.2 போய் 10.8. அது கட்டடத்தின் பங்கு. அதில் பராமரிப்புக்கு 10 சதவீதம் கழித்தால் 9.72. நிலத்துக்குத் தேய்மானம் இல்லை, அதனால் எடுத்து வைத்த 1.2ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92. சொந்தமாகக் குடியிருப்பதற்கும் கட்டட வயதுக்கும் கழிவு தனி. உங்கள் ரசீதில் கட்டிய வருடம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பழைய வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றும்போது, மாற்றிய வருடத்தையே கட்டிய வருடமாகப் பதிந்துவிடுவது உண்டு.