டயட்டீஷியன் கொடுத்த 1500 கலோரி சார்ட்: எடை நின்றுவிட்டது, 1200-க்கு இறக்கலாமா?

சாம்பல்மேகம் கேட்கிறார்:

பெண், வயது 41, உயரம் 162 செ.மீ. டயட்டீஷியனிடம் போனபோது எடை 78 கிலோ. 1500 கலோரிக்கு சார்ட் போட்டுக் கொடுத்தார். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் ஒரு சிறுதீனி, எண்ணெய் "நாளைக்கு 3 ஸ்பூன்", தினமும் அரை மணி நேரம் நடை. முதல் மாதத்தில் 3 கிலோ இறங்கி 75-க்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரமாக மெஷினில் அதே எண்தான். அடுத்த ஃபாலோ-அப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

உடம்பு 1500-க்குப் பழகிவிட்டதா? இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு 1200-க்கு இறக்கினால் சரியாகுமா? இல்லை, டயட்டீஷியனையே மாற்ற வேண்டுமா?

சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போய்க்கொண்டிருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

---

தராசுமுள்:

1500 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இதற்குப் பரவலாகப் புழங்குவது 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். பெண்களுக்கு: எடை × 10, கூட்டல் உயரம் × 6.25, கழித்தல் வயது × 5, கழித்தல் 161. உங்கள் 78 கிலோவுக்கு 780 + 1012.5 − 205 − 161 = சுமார் 1426. சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி இது. உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் என்று வைத்து 1.4-ஆல் பெருக்கினால் 2000-க்கு அருகில் வரும். எடை இறங்குவதற்காக அதில் 500 கழித்தால் 1500. ஆக, வாய்க்கு வந்த எண் அல்ல.

இப்போது அதே கணக்கை 75 கிலோவுக்குப் போடுங்கள்: 1396 × 1.4 = 1955. 3 கிலோ குறைந்ததால் உங்கள் தினசரித் தேவை குறைந்தது 40 கலோரி சொச்சம்தான். எடை இறங்கும்போது உடம்பு சூத்திரம் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சிக்கனம் பிடிக்கும், நமக்குத் தெரியாமலே நடமாட்டமும் குறையும். சூத்திரமே ஆளுக்கு ஆள் 10 சதவீதம் முன்பின் இருக்கும். எல்லாம் சேர்த்தாலும், 1500 நிஜமாகவே 1500-ஆக இருந்தால் எடை முழுக்க நின்றுபோக நியாயமில்லை. "பழகிவிட்டது" என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்து 3 கிலோவும் முழுக்கக் கொழுப்பல்ல. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. நாளைக்கு 500 வீதம் 30 நாளைக்கு 15,000. அதாவது 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதி பெரும்பாலும் கிளைகோஜனும் (கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் (ஒரு கிராம் கிளைகோஜன் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்). அந்தச் சலுகை முதல் சில வாரங்களோடு முடிந்துவிடும். இனிமேல் எதிர்பார்க்க வேண்டியது வாரத்துக்கு 400 கிராம். நாளுக்கு நாள் எடை ஒரு கிலோ வரை ஏறி இறங்கும்போது, இரண்டு வாரத்து 800 கிராம் அதற்குள் மறைந்துபோவது மிக எளிது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், முந்தின இரவின் உப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தசைப்பயிற்சி, இவற்றில் ஒன்று போதும்.

அதனால் காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், அதே மெஷினில் கடினமான தரையில் வைத்துத் தினமும் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ளவர்கள் இந்த மாதத்தின் முதல் வாரத்தைப் போன மாதத்தின் முதல் வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரி. நான்கு வாரச் சராசரி அசையவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று பேச்சு. கூடவே இடுப்புச் சுற்றளவும் எடுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல்.

---

பசியில்லா_பாண்டி:

இவ்வளவு கணக்கு எதுக்குங்க. ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு 16 மணி நேரம் விரதம் இருங்க, தானா இறங்கும். எத்தனையோ பேர் பண்றாங்க.

---

மாத்திரைப்பெட்டி:

மேலே உள்ள யோசனையை இந்தக் கேள்வி கேட்டவர் தயவுசெய்து செய்ய வேண்டாம். கேள்வியின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ சுகர் ஆவது அரிது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், அதன் வேலை ஒரு நாள் வரை நீடிக்கும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், தூக்கத்தில் சுகர் 70 மி.கி.-க்குக் கீழே போக வாய்ப்பு உண்டு. தூக்கத்தில் நடுக்கமோ படபடப்போ உணர்ந்து எழுந்திருக்காமலே போகலாம். வியர்த்து நனைந்த உடை, கெட்ட கனவு, காலையில் தலைவலி என்றுதான் பிறகு தெரியவரும். கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று. 3 கிலோ ஏற்கெனவே குறைந்திருக்கிறது, மாவுச்சத்தும் குறைந்திருக்கிறது. அதே டோஸ் இப்போது உங்களுக்கு அதிகமாகிக்கொண்டிருக்கலாம். லோ சுகரில் அகோரப் பசி வரும். அந்தப் பசியில் சாப்பிடுவது சார்ட்டில் ஏறாது, எடை மட்டும் ஏறும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு நடுக்கத்தோடு பசி வருகிறதா என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு ரீடிங் எடுங்கள். ஒரு வாரம் காலை வெறும் வயிற்றில், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் என ரீடிங்குகளை எழுதி டாக்டருக்கு அனுப்புங்கள். டோஸைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். கிளிமிபிரைடு தானே சிறிது எடை கூட்டக்கூடிய மருந்து என்பதால் அந்தப் பேச்சு எப்படியும் தேவை. நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம்.

70-க்குக் கீழே இருந்தால்: 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 3–4 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பிடுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். (அகார்போஸ், வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்குச் சர்க்கரையும் தாமதமாகும், குளுக்கோஸ்தான் வேண்டும்.) ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸ்.

டயட்டீஷியனுக்கு இந்த மாத்திரைப் பெயர்கள் தெரியுமா? சார்ட் போடும்போது அவர் கேட்கவே இல்லை என்றால் அது அவர் பக்கத்துக் குறை. கேட்டிருந்தால், மூன்று வேளையும் நடுவில் சிறுதீனியும் அவர் காரணத்தோடுதான் வைத்திருப்பார்.

---

சாம்பல்மேகம்:

நன்றி. இரவுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை, டாக்டருக்கு ரீடிங் அனுப்புகிறேன். டயட்டீஷியனிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டியிருந்தேன்.

அளவு பற்றி ஒரு சந்தேகம். சார்ட்டில் "அரிசி 60 கிராம், பருப்பு 30 கிராம்" என்று மட்டும்தான் இருக்கிறது. பச்சையாகவா, வெந்த பிறகா? வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே சமையல். அதில் என் எண்ணெயை மட்டும் எப்படி அளப்பது? இடையில் போய் "குறையவில்லை" என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

---

அளவுக்கோப்பை:

பச்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 60 கிராம் பச்சரிசியோ புழுங்கலோ, சுமார் 210 கலோரி. வெந்த சோறு 60 கிராம் என்றால் 80 கலோரிதான். எல்லா வேளையையும் இரண்டு விதமாகவும் கூட்டுங்கள். எது 1500-க்குப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் அவர் நினைத்தது. ஆனாலும் ஒரு வரி கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். பச்சை அளவை வெந்த அளவாக எடுத்தவர் பட்டினி கிடந்து ராத்திரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார். வெந்தது 150 கிராம் என்று எழுதியதைப் பச்சையாக அளந்தவர் 195-க்குப் பதில் 530 சாப்பிடுவார்.

ஒரே பானையில் சமைத்தால்: ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு வேண்டும். காலிப் பாத்திரத்தின் எடையை ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கும் சேர்த்து 240 கிராம் அரிசி போட்டீர்கள், வெந்ததும் பாத்திரத்தைக் கழித்து 690 கிராம் சோறு இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் 60 கிராம் பங்கு அதில் கால்வாசி, 172 கிராம். ஒரே அரிசி, ஒரே தண்ணீர் என்றால் இந்த விகிதம் பெரிதாக மாறாது, நாலைந்து முறை அளந்தால் போதும்.

எண்ணெய்தான் பெரிய ஓட்டை. "3 ஸ்பூன்" என்றால் எந்த ஸ்பூன்? 5 மி.லி. டீஸ்பூன் ஒன்று சுமார் 40 கலோரி. 15 மி.லி. டேபிள்ஸ்பூன் 120. மூன்றுக்கு 120-ஆ 360-ஆ என்பதிலேயே நீங்கள் நாளைக்குக் குறைக்கும் 500 கலோரியில் பாதி போய்விடும். குடும்பச் சமையலில் ஒவ்வொரு தாளிப்பையும் அளக்க முடியாது. வாரத் தொடக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலை எடை போடுங்கள், வாரக் கடைசியில் மறுபடி. பொரித்து மிஞ்சியதைக் கழித்துவிடுங்கள். 630 கிராம் செலவாகியிருந்தால், 630-ஐ ஏழாலும் நாலாலும் வகுத்தால் தலைக்கு நாளைக்கு 22.5 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 200 சொச்சம். நெய், வெண்ணெய் இருந்தால் அதையும் இதே மாதிரி.

அடுத்து குடிப்பவை. நாளைக்கு நான்கு கப், ஒவ்வொன்றிலும் 100 மி.லி. கொழுப்பு நீக்காத பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 400 கலோரி. இது சார்ட்டில் இருக்கிறதா பாருங்கள். பல பேர் இதைச் சாப்பாடாகவே நினைப்பதில்லை. சிறுதீனி நிலக்கடலை என்றால் 30 கிராம் 170 கலோரி, ஒரு கைப்பிடி யார் கை என்பதைப் பொறுத்து அதற்கு இரண்டு மடங்கு. வார இறுதியும் அப்படித்தான்: ஐந்து நாள் 500 வீதம் மிச்சம் பிடித்தது 2500; சனி, ஞாயிறு தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரம் போனால் மிஞ்சுவது 500. நடந்த கலோரியை வாட்ச் காட்டுகிறது என்று அதற்கும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். தராசுமுள் சொன்ன 1.4-இல் நடை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

இதில் யாரும் பொய் சொல்வதில்லை. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வில், "1200-க்குக் கீழே சாப்பிட்டும் இறங்கவில்லை" என்றவர்களின் உண்மைச் செலவை ஐசோடோப் கலந்த தண்ணீரைக் கொடுத்து அளந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். டயட்டீஷியன்களுக்கு இது பழகிய விஷயம், கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர் கொடுத்தது முதல் மதிப்பீடு. அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது நீங்கள் கொண்டுபோகும் பதிவில்தான் தெரியும்.

என் கருத்தில் குறை சார்ட்டில் இல்லை, இடைவெளியில். ஒன்பது வாரத்துக்கு ஒரு ஃபாலோ-அப் போதாது. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வாழ்க்கைமுறைக் குழுவுக்கு முதல் 24 வாரத்திலேயே 16 அமர்வு வைத்திருந்தார்கள். இலக்கு 7 சதவீத எடைக்குறைப்பு, உங்கள் கணக்கில் ஐந்தரை கிலோ. முன்கூட்டியே பார்க்க முடியுமா, மெசேஜில் பதிவு அனுப்பலாமா என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால், அல்லது பவுடர் டப்பா விற்க ஆரம்பித்தால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

---

மாத்திரைப்பெட்டி:

அனுப்பும்போது இவற்றைச் சேருங்கள்: இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என மூன்று நாள் உணவுப் பதிவு (சாப்பிட்ட நேரம், கிராம், சமைத்த விதம், சாப்பிடும்போதே எழுதியது, இரவில் ஞாபகப்படுத்தி எழுதியது அல்ல), வாரச் சராசரி எடை, இடுப்பளவு, சுகர் ரீடிங், மாத்திரைகள் டோஸோடு.

1200 பற்றியும் அவரிடமே கேளுங்கள். எடை குறைப்பில் தசை கரையாமல் இருக்க கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்தாலே உங்களுக்கு நாளைக்கு 90 கிராம் வேண்டும். ஒரு வேளையை வெட்டிவிட்டு அதை மீதி இரண்டில் அடைப்பது சிரமம். சுகர் இருப்பதால் புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் இரண்டு டெஸ்ட்டும் சமீபத்தில் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்த அளவு பொருந்தாது.

---

தராசுமுள்:

ஒரே ஒரு சேர்க்கை. தினசரி எடை பார்ப்பதும் கிராம் கணக்கும் சிலருக்கு மனதை அரிக்கும். முன்பு சாப்பாட்டில் தன்னைத் தண்டிக்கும் பழக்கமோ, அடக்க முடியாமல் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் பழக்கமோ இருந்தவர்கள் இந்த வழியை எடுக்க வேண்டாம். டயட்டீஷியனிடம் அதை முதலிலேயே சொன்னால் எண்ணே இல்லாமல், தட்டில் பாதி காய்கறி, கால் புரதம், கால் மாவுச்சத்து என்ற முறையில் திட்டம் போட்டுத் தருவார். சாம்பல்மேகம், உங்களுக்கு மூன்று நாள் உணவுப் பதிவும் ஒரு வார எண்ணெய்க் கணக்கும் முடிந்ததும் இங்கே போடுங்கள், கூட்டிப் பார்க்கலாம்.