மேற்கே நின்ற வெளிச்சம்: விமானப்படைக்கு எழுதினால் விசாரிப்பார்களா?

பல்லடம் தோட்டத்தார்:
சென்ற வாரம் பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில், எங்கள் தோட்டத்துத் தென்னைகளுக்கு மேலே, மேற்குத் திசையில், ஒரு வெண்ணிற ஒளி வெகுநேரம் நின்றிருந்து, பிறகு மெல்லச் சிவந்து கீழிறங்கி மறைந்ததை நானும் என் அப்பாவும் பார்த்தோம். சூலூர்ப் போர் விமானங்களின் ஓசைக்கும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கும் பழகிய எங்களுக்கே இது புதிதாக இருந்தது. அமெரிக்காவில் பொதுமக்கள் சொன்ன இத்தகைய செய்திகளை இராணுவமே விசாரித்ததாமே. அது எப்படி நடந்தது? நான் எழுதிக் கொடுத்தால் இங்கும் யாரேனும் வருவார்களா?

அவிநாசி வாசகர்:
1947இல் கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் பறந்ததாகச் சொன்ன பிறகே அங்கு விசாரணைகள் தொடங்கின. அவற்றுள் நெடுங்காலம் நடந்தது, 1952 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை நடத்திய புளூ புக் திட்டம். பதிவான 12,618 காட்சிகளில் 701 மட்டும் கடைசிவரை இன்னதென்று அறியப்படாமல் நின்றன. கண்டவரிடம் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொல்வார்கள். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் அந்தப் பொருளை மறைக்கக் குண்டூசித் தலை போதுமா, பட்டாணி வேண்டுமா, நாணயம் வேண்டுமா என்றுகூட அதில் கேட்டிருந்தார்கள். எத்தனை அடி நீளம் என்று கண்ணால் மதிப்பிடுவதைவிட நம்பத்தக்க அளவு அதுதான். 1964இல் நியூ மெக்சிகோவின் சொகோரோவில் ஒரு காவலர், தரையில் நின்ற பொருள் தீப்பிழம்போடு எழுந்து சென்றதாகச் சொன்னபோது, திட்டத்தின் வானியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் நேரில் சென்று கருகிய செடிகளையும் தரையில் இருந்த குழிகளையும் பார்த்தார்; அது விடை காணாத வழக்காகவே முடிந்தது. ஆனால் இராணுவத்தின் முதற்கேள்வி 'இது என்ன?' என்பதன்று, 'இதனால் நாட்டுக்கு ஆபத்துண்டா?' என்பதே. இல்லை என்று தெரிந்தால் அதன் அக்கறை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

கோபி வானியல் ஆர்வலர்:
விசாரிக்கும் இராணுவமும் ஏமாறுவதுண்டு. 2012–13இல் லடாக் எல்லையில் நம் வீரர்கள் இரண்டு ஒளிகளைச் சீன உளவுக் கருவிகளெனக் கருதி மாதக்கணக்கில் குறித்து வந்தார்கள்; இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரிந்தது. அதனால், நண்பரே, மனு எழுதும் முன் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று மீண்டும் பாருங்கள். அடிவானத்தை நெருங்கும் கோள், காற்றுமண்டலத்தின் தடித்த அடுக்கின் வழியாகத் தெரிவதால் சிவக்கும்.

பல்லடம் தோட்டத்தார்:
மூன்று நாட்களாகப் பார்க்கிறேன். அதே இரண்டு மரங்களுக்கு நடுவில், ஏறத்தாழ அதே நேரத்தில்தான் நிற்கிறது. விடிவெள்ளி பார்த்து ஏர் பூட்டிய அப்பா, மாலையில் வருவதும் அதே வெள்ளிதான் என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மனுவை எழுதவில்லை.