சர்ரே ஓக் மரம்: எந்த வகை? கிளையில் இருப்பது மாசிக்காயா?

கேள்வி:
இங்கிலாந்தில் சர்ரே பக்கம், நடைபாதையோரம் நிற்கும் பெரிய மரம். இலை விளிம்பில் வளைவு வளைவான மடல்கள், நுனியில் முள் இல்லை. இப்போது கொட்டைகள் கிண்ணத்தோடு உதிர்கின்றன. சில சுள்ளிகளில் கோலிக்குண்டு அளவில் கெட்டியான பழுப்பு உருண்டைகள். இது எந்த ஓக்? அந்த உருண்டைதான் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயா? கொட்டையைச் சாப்பிடலாமா?

பதில் 1:
மடல் நுனியில் முள் இல்லையென்றால் அமெரிக்க ரெட் ஓக் இல்லை. அடுத்து இரண்டு காம்புகளையும் பாருங்கள். கொட்டை 2 முதல் 8 செ.மீ. காம்பில் தொங்கி, இலைக்குக் காம்பு ஏறக்குறைய இல்லாமல், இலையடியில் காதுபோல இரு சிறு மடிப்பு இருந்தால் அது இங்கிலீஷ் ஓக். இலைக்கு 1 செ.மீ.க்கு மேல் காம்பு இருந்து, கொட்டை சுள்ளியோடு ஒட்டியிருந்தால் செசைல் ஓக். இரண்டும் கலந்த மரங்களும் நிறைய உண்டு. ஒரே இலையை வைத்து முடிவுக்கு வராமல் பத்துப் பதினைந்து இலைகளைப் பாருங்கள். கிண்ணம் முழுக்க மயிர் சிலிர்த்திருந்தால் துருக்கி ஓக்.

மே முதல் ஜூலை வரை கீழ்க்கிளையைத் தொடுமுன் தண்டைக் கவனியுங்கள். வரிசையாக ஊர்ந்து போகும் கம்பளிப்புழுக்கள் 2006 முதல் லண்டன் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. அவற்றின் மயிர் தோலில் கடும் அரிப்பைத் தரும். காலிக் கூட்டிலும் அது தங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
கொட்டைக் காம்பு 4 செ.மீ., இலையடியில் மடிப்பும் இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் இங்கிலீஷ் ஓக்தான். உருண்டை மாசிக்காய் இல்லை. இரண்டும் குளவி முட்டையிடுவதால் வரும் வீக்கம் என்பது மட்டுமே ஒற்றுமை. கடை மாசிக்காய் துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து வேறொரு ஓக்கில் வருவது, துவர்ப்புச் சத்து அதில் பல மடங்கு. இதைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

மை செய்ய இது நல்ல பொருள். துளை விழாதவற்றைப் பொறுக்கி 30 கிராம் இடித்து, 300 மி.லி. நீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். 10 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு), 10 கிராம் வேலம் பிசின் சேருங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும். அன்னபேதி கூடினால் நாளடைவில் தாளை அரித்துவிடும்.

பதில் 3:
கொட்டையைச் சாப்பிடலாம், ஆனால் துவர்ப்பை நீக்காமல் கூடாது. தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் ஊசித்துளை உள்ளதையும் எறியுங்கள்; உள்ளே வண்டுப்புழு இருக்கும். ஓடும் உள்தோலும் நீக்கி, நீர்விட்டு மிக்ஸியில் அரைத்து, ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு நீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தினமும் மேல்நீரை இறுத்துப் புதுநீர் ஊற்றுங்கள். நாக்கில் வைத்தால் துவர்ப்பு தெரியாமல் போகும் வரை இப்படிச் செய்யுங்கள்; பொதுவாக ஒரு வாரம் ஆகும். கொதிக்கவைத்தால் வேகமாக நீங்கும், ஆனால் மாவுச்சத்து வெந்து பிடிப்புப் போய்விடும். குளுட்டன் இல்லாததால் தனியாகச் சப்பாத்தி வராது. கோதுமை மாவு மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு போதும்.

கேள்வி கேட்டவர்:
முதல் நாளே மாவு நீலங்கறுப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில் 3:
இரும்புச் சட்டியில் ஊறவைத்திருப்பீர்கள். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. மையில் நடப்பதும் இதேதான். அதைக் கொட்டிவிட்டுக் கண்ணாடி ஜாடியில் புதிதாகத் தொடங்குங்கள். ஓக் பலகையில் சாதாரண இரும்புத் திருகாணி அடித்தாலும் இதே கறை வரும்; பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.