‘நான் யார்?’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதுமா?

கேள்வி: ரமண மகரிஷி சொல்லும் ஆன்ம விசாரமும் (‘நான் யார்?’ என்று தன்னையே ஆராய்வது) மந்திர ஜபமும் ஒன்றுதானா? ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்க வேண்டும்?

பதில் 1: எண்ணிக்கையே கிடையாதுங்க. எண்ணம் எழுந்ததும் அதன் பின்னால் ஓடாமல் ‘இது யாருக்கு?’ என்று பாருங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். உடனே ‘நான் யார்?’ என்று அந்த ‘எனக்கு’ மேலேயே கவனத்தைத் திருப்புங்கள், வந்தது அடங்கும். அடுத்தது வந்தால் மறுபடி அதேதான். ‘நான் சிவம்’ என்று பதில் சொல்லிக்கொள்வதுதான் பலர் வழுக்கும் இடம். அதுவும் இன்னோர் எண்ணம்தானே!

பதில் 2: பிராணாயாமம் துணைக்கு உதவும். ஆனால் மூச்சு அடங்கியிருக்கும் வரைதான் மனமும் அடங்கும், விட்டதும் கிளம்பிவிடும்.

பதில் 3: 1901-02 வாக்கில் அன்பர் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டதற்கு ரமணர் எழுதிக்காட்டிய விடைகளில் பிணஞ்சுடு தடி உவமை வருகிறது. பிணத்தைப் புரட்டும் தடி கடைசியில் தானும் வெந்துபோகும். ‘நான் யார்?’ என்ற கேள்வியும் அப்படியே, மற்ற எண்ணங்களை அழித்துவிட்டுத் தானும் அழியும். ஜபமாக்கினால் தடியைப் பத்திரப்படுத்துகிறீர்கள்.